டிஸ்னிலேண்ட் ரைடுகளை ஏன் மாற்றுகிறார்கள், எது கிளாசிக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்குக் கலிபோர்னியாவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அனாஹைமில் உள்ள டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். போதாததற்கு நானே இந்த ரைடுகள் மேல் பித்துப் பிடித்தவன். காரில் போகும்போதும், வரிசையில் நிற்கும்போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டு வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே அனாஹைம் என்றால் 1955-இல் திறந்த முதல் பூங்கா. புளோரிடா என்றால் 1971-இல் ஒர்லாண்டோ பக்கம் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் ரைடு இருக்கும், உள்ளே வேறு மாதிரி இருக்கும். பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஏதோ "ரீஃபர்ப்"னு போட்டு மூடி வச்சிருக்காங்களே, ரிப்பேரா?

ரிப்பேர் என்றால் பெரும்பாலும் அன்றைக்கு நின்று அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். ரீஃபர்ப் என்பது முன்கூட்டியே தேதி குறித்து, மூடி வைத்துச் செய்யும் சீரமைப்பு. கோவிலில் பாலாலயம் செய்துவிட்டுத் திருப்பணி நடத்துகிற மாதிரி. தண்ணீர் ரைடு என்றால் வாய்க்காலை வடித்துவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். பொம்மைகளின் மூட்டுகளைக் கழற்றி மாட்டுவார்கள். வெளியே பச்சைத் தட்டியில் மறைப்பு போட்டிருக்கும்.

'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுச் சவாரியை 2008 ஜனவரியில் மூடி அந்த நவம்பரில் திறந்தார்கள். வருடக்கணக்காக வாய்க்கால் அடியில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் தரை மேலே ஏறியிருந்தது. 1960-களின் ஆட்களை வைத்துக் கணக்குப் போட்ட படகில் இந்தக் காலத்து ஆட்கள் ஏறினால் படகு தரைதட்டாமல் என்ன செய்யும்? வாய்க்காலையும் படகுகளையும் மாற்றினார்கள். அதற்கு யாரும் சண்டை போடவில்லை. அதே சீரமைப்பில் உள்ளே டிஸ்னி படப் பாத்திரங்களையும் பொம்மைகளாகச் சேர்த்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். சீரமைப்பு என்ற ஒரே பெயரில் பராமரிப்பும் வரும், புதுப் பொம்மை சேர்ப்பதும் வரும், பழைய கதையையே உரித்துவிட்டு வேறு கதை போர்த்துவதும் வரும். சண்டை பின்னதில்தான்.

நாங்க வர்ற தேதியில எது மூடியிருக்கும்னு எப்படித் தெரியும்?

பூங்காவின் சொந்தத் தளத்திலேயே மூடும் ரைடுகளின் பட்டியல் இருக்கும். டிக்கெட் வாங்கும் முன் பாருங்கள். பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்த மாதங்களில், முக்கியமாக ஜனவரியிலும் பிப்ரவரியிலும், மூடல் அதிகம். அனாஹைமின் பேய் மாளிகைக்கு மட்டும் தனிக் கணக்கு. 2001 முதல் ஹாலோவீனுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து அதற்கு வேறு வேஷம் கட்டுகிறார்கள். அதனால் வேஷம் போட ஒரு முறை, கலைக்க ஒரு முறை மூடுவார்கள். அசல் மாளிகையைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையின் முற்பாதியில் வாருங்கள்.

கிளாசிக்னு சொல்றதுக்கு எத்தனை வருஷம் ஆகணும்?

வயசுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது 'ஃபேன்டம் போட்ஸ்' என்று மோட்டார் படகுகள் இருந்தன. அடுத்த வருடமே போய்விட்டன. பூங்காவோடு பிறந்ததுதான், ஆனால் அதற்காகக் கண்ணீர் விட்டவரை நான் கண்டதில்லை.

என் சோதனை வேறு. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் இது எந்த ரைடு என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படகில் ஏறிக் கண்ணை மூடிப் பாருங்கள். முதலில் தவளைச் சத்தமும் எங்கேயோ வாசிக்கிற பாஞ்சோவும். அப்புறம் வயிற்றைத் தூக்கிப்போடும் இறக்கம். அதோடு சில்லென்ற காற்று, ஈரம், தண்ணீரில் கலக்கும் புரோமினின் ஒரு வாசனை. அந்த வாசனையில் மெழுகுவத்தி செய்து விற்கிற அளவுக்கு ரசிகர்களுக்கு அது பழக்கம். அந்த இடத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இதைக் 'கண் மூடும் சோதனை' என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு மெதுவா போற ரைடையெல்லாம் கொஞ்சம் வேகமாக்கினா என்ன?

அக்கா பையன் ஒவ்வொரு தடவையும் கேட்பது. செய்து பார்த்தாயிற்று. அனாஹைமில் டுமாரோலேண்ட் என்ற பகுதியில் தலைக்கு மேலே ஒரு தடம், அதில் 1967 முதல் 'பீப்பிள்மூவர்' என்று சாவகாசமாக ஊர்ந்து போகும் வண்டிகள். 1995-இல் நிறுத்தினார்கள். 1998-இல் அதே தடத்தில் 'ராக்கெட் ராட்ஸ்' என்று வேக வண்டிகளை விட்டார்கள். ஊர்வதற்குக் கட்டிய தடம் என்பதால் வளைவுகளில் சாய்மானம் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, மறுபடி முடுக்கி, மறுபடி குறைத்து, வண்டியும் தாங்கவில்லை, தடமும் தாங்கவில்லை. 2000-இல் கதை முடிந்தது. அந்தத் தடம் வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

புளோரிடாவில் பீப்பிள்மூவரை அப்படியே மெதுவாக விட்டுவைத்தார்கள். இன்னமும் ஓடுகிறது. வெயிலில் கால் வலிக்கும்போது அதன் அருமை தெரியும்.

பேய் மாளிகையில கதையே இல்லையே, அதை ஏன் இப்படிக் கொண்டாடுறாங்க?

'ஹான்டட் மேன்ஷன்' வெளிக் கட்டடம் 1963-லேயே முடிந்துவிட்டது. திறந்தது 1969 ஆகஸ்ட் 9. நடுவில் ஆறு வருடம் ஒரு காலி மாளிகை ஊரையே பார்க்க வைத்துக்கொண்டு நின்றது. நடுவில் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சி வேலை வந்தது, 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்தும் போனார். மாளிகையை வடிவமைத்தவர்களில் மார்க் டேவிஸ் சிரிக்க வைக்க வேண்டும் என்றார், கிளாட் கோட்ஸ் பயமுறுத்த வேண்டும் என்றார். தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் முதல் பாதியில் ஆளே இல்லாத நீள நடை, தானாக அசையும் கதவு என்று வயிற்றைக் கலக்கும். இரண்டாம் பாதியில் பேய்கள் கூடிக் கூத்தடிக்கும். சண்டை தீராததால் வந்த அழகு. ஒழுங்காக ஒரு கதை எழுதி ஒட்டியிருந்தால் 50 வருடம் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

உள்ளே நுழைந்ததும் சுவர் நீளும் அறை ஒன்று இருக்கிறதே, அது அனாஹைமில் உண்மையில் ஒரு லிஃப்ட். ரைடு நடக்கும் பெரிய கூடம் பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாதைக்கு அடியில் போவதற்கு ஆட்களைக் கீழே இறக்க வேண்டும். இறக்குவதையே வித்தையாக்கிவிட்டார்கள். புளோரிடாவில் அந்தத் தேவை இல்லை, ஆனாலும் அறையை விட மனமில்லாமல் அங்கே கூரையை மேலே தூக்குகிறார்கள். தேவைக்குச் செய்ததும் அழகுக்குச் செய்ததும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டிப்போவதும் கிளாசிக்கின் ஒரு லட்சணம்தான்.

இன்னொன்று. நடனக் கூடத்தில் பேய்கள் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். 'பெப்பர்ஸ் கோஸ்ட்' என்ற 19-ஆம் நூற்றாண்டு நாடக மேடை வித்தை. உங்களுக்கும் கூடத்துக்கும் நடுவே பெரிய கண்ணாடி, நிஜப் பொம்மைகள் வேறு இடத்தில், நீங்கள் பார்ப்பது பிம்பம். பிம்பத்தில் இடம் வலமாகுமே, அதனால் சுழலும் ஜோடிகளில் பெண்தான் ஆணை நடத்திக்கொண்டு போகிறாள். அடுத்த முறை போனால் கைகளைக் கவனியுங்கள்.

1969-ல திறந்த ரைடுல 2015-ல புதுப் பேய் எப்படி வந்துச்சு? அதுக்கு மட்டும் ஏன் யாரும் திட்டல?

ஏனென்றால் அது பழைய பேய். தொப்பிப் பெட்டிப் பேய் என்று ஒன்று திறப்பின்போதே பரண் பகுதியில் இருந்தது. கழுத்தில் இருக்கும் தலை மறைந்து கையில் தொங்கும் பெட்டிக்குள் தெரிய வேண்டும். பக்கத்து வெளிச்சத்தில் தலை சரியாக மறையாததால் கொஞ்ச நாளிலேயே தூக்கிவிட்டார்கள். ஒரு சில புகைப்படங்கள்தான் மிச்சம். 40 வருடத்துக்கு மேல் ரசிகர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். 2015 மே மாதம் புதிய தொழில்நுட்பத்தில், இந்த முறை தலை நிஜமாகவே மறையும்படி, திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2023-இல் புளோரிடாவிலும் வைத்தார்கள். அங்கே ரைடின் முதல் பாதியில், ஆளில்லா நடைக்குப் பக்கத்தில் வைத்ததால் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். மேலே சொன்னேனே, முதல் பாதியில் பேய் கண்ணில் படக் கூடாது. ஒரே பொம்மை, இரண்டு இடம், இரண்டு தீர்ப்பு.

வால்ட் டிஸ்னியே "இந்தப் பூங்கா முடியவே முடியாது"ன்னு சொன்னாராமே. அப்புறம் என்ன சண்டை?

உலகில் கற்பனை இருக்கும்வரை டிஸ்னிலேண்ட் வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற பொருளில் சொன்னார். இரண்டு கட்சியும் இதையே எடுத்து வீசும். மாற்றத்தை ஆதரிப்பவர் "பாருங்கள், அவரே சொன்னார்" என்பார். எதிர்ப்பவர் "வளர்வதுதானே, வெட்டுவதா?" என்பார்.

அவர் காலத்திலேயே நடந்ததைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 'ஜங்கிள் குரூஸ்' படகு 1955-இல் ஒரு வனவிலங்குப் பாடம் மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் நகைச்சுவை உள்ளே வந்தது. 1962-இல் மார்க் டேவிஸ் வடிவமைத்த இந்திய யானைகளின் குளியல் துறை சேர்ந்தது. குட்டி யானைகள் தண்ணீர் பீய்ச்சும் அந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் எல்லோரும் போன் எடுப்பார்கள். இன்றைக்கு ஜங்கிள் குரூஸ் என்றால் படகோட்டியின் கடிஜோக்குதான் நினைவுக்கு வரும். அது சீரமைப்பில் வந்தது.

பைரேட்ஸ்ல ஜாக் ஸ்பாரோ முதல்லேர்ந்தே இருந்தாரா?

இல்லை. ரைடு 1967 மார்ச்சில் திறந்தது. அதை வைத்து எடுத்த படம் 2003. ஜாக் ஸ்பாரோ பொம்மை வந்தது 2006. ரைடிலிருந்து படம் வந்து, படத்திலிருந்து ரைடுக்குள் ஆள் வந்த கதை. என் கணக்கில் இது பெரிய பாவம் இல்லை. ஆனால் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. இந்த ரைடுக்கு நாயகன் கிடையாது என்பதுதான் அதன் குணம். வசனமும் பாட்டு வரிகளும் எழுதிய எக்ஸ் அடென்சியோ, பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்து தெளிவாகக் கேட்கவில்லையே என்று வருந்தினாராம். விருந்துக்குப் போனால் நாலு பக்கப் பேச்சும் காதில் விழுமே, அடுத்த முறை வந்தால் வேறு பேச்சைக் கேட்பார்கள் என்றாராம் வால்ட் டிஸ்னி. இப்போது எல்லோரும் ஒரே ஆளைத் தேடிக்கொண்டு போகிறார்கள். "மாமா, ஜாக் எங்கே?" என்ற கேள்வியில் பக்கத்தில் சாவிக்காக நாயைக் கொஞ்சும் கைதிகளைக் குழந்தைகள் தவறவிடுகிறார்கள்.

2018-இல் பெண்களை ஏலம் விடும் காட்சியை எடுத்துவிட்டு, சிவப்புக் கூந்தல் பெண்ணையே ஒரு கொள்ளைக்காரியாக்கினார்கள். வரலாறு அழிந்தது என்று பலர் எழுதினார்கள். பெண்களைத் துரத்தும் காட்சியை 1997-லேயே சாப்பாட்டைத் துரத்துவதாக மாற்றியிருந்தார்கள். அப்போதும் இதே சத்தம். கண் மூடும் சோதனையில் இரண்டு மாற்றமும் எதையும் அசைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயசுப் பெண்ணிடம் "அவங்களை ஏன் கட்டி வச்சிருக்காங்க?" என்பதற்குப் பதில் சொல்லித் தடுமாறியவர்களுக்கு அந்த மாற்றம் நிம்மதி. நான் அந்தக் கட்சி.

ஸ்பிளாஷ் மவுன்டன் நல்லாத்தானே இருந்துச்சு, அதை ஏன் மாத்தினாங்க?

1989-இல் அனாஹைமில் திறந்த அந்தத் தண்ணீர்ச் சறுக்கு மலை, 1946-இல் வந்த 'சாங் ஆஃப் த சவுத்' படத்தின் முயல், நரி, கரடிக் கதைகளை வைத்து எழுந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகான காலத்துத் தோட்டத்தில் கறுப்பின மக்கள் ஏதோ குறையே இல்லாமல் இருந்ததாகக் காட்டிய படம் அது. வந்த நாளிலிருந்தே கண்டனம். அமெரிக்காவில் வீட்டில் பார்க்கும் வீடியோவாக அதை டிஸ்னி வெளியிட்டதே இல்லை. தானே விற்கக் கூசும் படத்துக்கு ஒரு மலையே கட்டி வைத்திருந்தது. 2020 ஜூனில் மாற்றத்தை அறிவித்தார்கள். 2023-இல் இரண்டு பூங்காவிலும் மூடினார்கள். 'த பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' படத்தை வைத்துச் செய்த 'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' அதன் இடத்தில் 2024 ஜூனில் புளோரிடாவிலும், நவம்பரில் அனாஹைமிலும் திறந்தது. டோக்கியோ டிஸ்னிலேண்டில் பழைய பெயரும் பழைய முயலும் அப்படியே இருந்தன. புளோரிடாவில் கடைசி நாளில் சிலர் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து இணையத்தில் விலை போட்டது தனிக் கூத்து.

மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். மாற்றிய விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தடமும் அந்த 50 அடி இறக்கமும் அதேதான், ஆகவே உடம்புக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் பழையதில் முயல் மாட்டிக்கொள்ளும், மேலே ஏறும்போது கழுகுகள் உட்கார்ந்து "ஆச்சு, உன் கதை முடிந்தது" என்கிற மாதிரி பயமுறுத்தும், அப்புறம் விழுவோம். விழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. புதியதில் விருந்துக்குப் பாட்டுக்காரர்களைத் தேடிப் போகிறோம், வில்லனே இல்லை. 'மாமா ஓடி' என்ற மந்திரக்காரக் கிழவி நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்கி, பழைய உருவத்துக்குத் திரும்ப விழ வைக்கிறாள். பொம்மைகள் பிரமாதம், பாட்டு பிரமாதம், வயிற்றில் புளி மட்டும் கரைவதில்லை. அனாஹைமில் பக்கத்திலேயே நியூ ஆர்லியன்ஸ் சதுக்கம் இருப்பதால் இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புளோரிடாவில் மேற்கத்தியப் பாலைவன ஊருக்கு நடுவே ஒரு சதுப்பு நிலம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு தகவல்: அனாஹைமின் ஸ்பிளாஷ் மவுன்டனில் ஆடிப்பாடிய விலங்குப் பொம்மைகளில் பெரும்பகுதி, 1988-இல் மூடிய 'அமெரிக்கா சிங்ஸ்' என்ற காட்சியிலிருந்து எடுத்து வந்தவை. அதன் ரசிகர்கள் அப்போதே அழுது முடித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் கத்தினா கம்பெனி கேட்குமா?

சில சமயம், அதுவும் அரைகுறையாக. புளோரிடாவில் 'மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடு' மூடப்போகிறது என்றதும் ஆட்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார்கள். 1998 செப்டம்பர் 7 அன்று மூடியே விட்டார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் 'வின்னி த பூ' என்ற கரடிக்குட்டியின் ரைடு வந்தது. உள்ளே ஒரு சுவரில் பழைய ரைடின் நாயகனான டோட் என்ற தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுப்பது போல ஒரு படம் மாட்டியிருக்கிறது. கிடைத்தது அவ்வளவுதான். அனாஹைமின் 'வின்னி த பூ' ரைடிலும் இப்படி ஒன்று உண்டு. முன்பு அங்கே கரடிகளின் பாட்டுக் கச்சேரி நடந்த கட்டடம் அது. பாதி வழியில் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்தக் கச்சேரியின் மூன்று விலங்குத் தலைகள் இருட்டில் மாட்டியிருக்கும்.

ஜெயித்த வழக்கும் உண்டு. புளோரிடாவின் எப்காட் பூங்காவில் ஃபிக்மென்ட் என்ற ஊதா நிற டிராகன் குட்டிதான் 'ஜர்னி இன்டு இமாஜினேஷன்' ரைடின் உயிர். 1999-இல் அதை ஏறக்குறைய தூக்கிவிட்டுப் புதுப்பித்தார்கள். இரண்டு வருடத்தில் மூடிவிட்டு 2002-இல் டிராகனோடு மறுபடி திறந்தார்கள். பழைய ரைடு மட்டும் திரும்பவில்லை. டிக்கி ரூம் கதை இன்னும் விசேஷம். பாடும் பறவைகளின் அந்தப் பழைய காட்சிக்குப் புளோரிடாவில் 1998-இல் 'புது நிர்வாகம்' என்று கேலியும் கிண்டலுமாக வேறு வேஷம் போட்டார்கள். ரசிகர்கள் 12 வருடம் புலம்பினார்கள். 2011 ஜனவரியில் உள்ளே தீப்பிடித்தது. அந்த ஆகஸ்டில் பழைய காட்சியே திரும்ப வந்தது. அக்னி பகவானின் மனு மட்டும் ஏற்கப்பட்டது என்று என் நண்பர் சொல்வார்.

எல்லாத்தையும் மாத்துறாங்க, உடைஞ்சு கிடக்கிறதை மட்டும் ஏன் தொடறதில்ல?

இது 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' யெட்டியைப் பற்றிய கேள்வி என்று புரிகிறது. புளோரிடாவில் 2006-இல் திறந்த அந்த ரோலர் கோஸ்டரின் உச்சத்தில் பிரம்மாண்டமான பனிமனிதன் பாய்ந்து கையை வீச வேண்டும். திறந்த சில மாதங்களில் அசைவு நின்றது. அதன் பிறகு மினுக்கு விளக்கைப் போட்டு அசைவது போலக் காட்டுகிறார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் டிஸ்கோ யெட்டி. சரிசெய்ய மலையையே பிரிக்க வேண்டியிருக்கும் என்பதுதான் சிக்கல். மற்றபடி வரிசை குறையாத ரைடை மூட எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பார்?

முழுசா இடிச்சுட்டு அதே பேர்ல கட்டினா அது பழைய ரைடா, புது ரைடா?

இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டரான அனாஹைமின் 'ஸ்பேஸ் மவுன்டன்' 1977-இல் திறந்தது. 2003-இல் மூடி, உள்ளே இருந்த தடத்தையே மாற்றி, 2005-இல் திறந்தார்கள். வளைவுகள் பழையபடியே, இருட்டும் பழையபடியே. இது அசல் இல்லை என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. கண் மூடும் சோதனைக்கு இதைவிடச் சுலபமான கேஸ் கிடையாது, அங்கே கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. டோக்கியோவில் 2024 ஜூலையோடு அதை மூடி, சுமார் 5,600 கோடி யென் செலவில் கட்டடம் உட்பட எல்லாவற்றையும் 2027-க்குள் புதிதாக எழுப்பத் திட்டமிட்டார்கள். அங்கே விவாதம் சூடாகத்தான் இருக்கும்.

நெதர்லாந்தின் எஃப்டெலிங் வேறு வழி போனது. 1978-இல் திறந்த ஸ்போக்ஸ்லாட் என்ற பேய்க் கோட்டையை 2022-இல் மூடி இடித்தார்கள். பெயரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே ஒலித்த சேன்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்ர' இசையையே புதிய ரைடுக்குப் பெயராக்கி 2024 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள். பெயர் மாறி உயிர் தங்குவதும் உண்டு, பெயர் தங்கி உயிர் போவதும் உண்டு. எஃப்டெலிங் செய்தது கொஞ்சம் நேர்மையாகப் படுகிறது எனக்கு.

நீங்க கிளாசிக்னு சொல்றதெல்லாம் அவங்கவங்க சின்ன வயசு ஞாபகம்தானே?

கேட்டது என் மகள். பாதி உண்மை. நான் இந்த ரைடுகளில் முதலில் ஏறியது முப்பதை நெருங்கும் வயதில், எனக்கு இவற்றில் பால்ய நினைவு எதுவும் கிடையாது, அதனால் நான் நடுநிலை நீதிபதி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. டிஸ்னிலேண்டுக்கு எதிரே உள்ள பூங்காவில் 2004 முதல் 'டவர் ஆஃப் டெரர்' என்ற, லிஃப்ட் விழும் ரைடு இருந்தது. ஐந்து வயதில் என் கையைப் பிறாண்டிக்கொண்டு அதில் ஏறியவள். 2017 தொடக்கத்தில் அதை மூடி, அந்த மே மாதமே 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' வேஷத்தில் திறந்தார்கள். அதே கோபுரம், அதே தண்டவாளம். பழையதில் இருட்டில் ஒரு அமைதி வரும், அப்புறம் விழும். புதியதில் பாட்டு அலறும், எடுத்த எடுப்பில் மேலே தூக்கி வீசும். எனக்குப் புதியது ரொம்பப் பிடிக்கும். அவள் வருடக்கணக்காக ஏற மறுத்தாள்.

போன கோடையில் முதல் முறையாக வந்தாள். கதவு மூடியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், என் சோதனையை என்மேலேயே வைக்கிறாளாம். வெளியே வந்து, "பாட்டு சூப்பர்ப்பா. ஆனா இது அது இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே மொத்தம் ஆறு பாட்டு மாறி மாறி வருமாமே, இன்னொன்று என்னவென்று பார்க்கலாமா என்று கேட்டாள். பலகையில் 55 நிமிடம் என்று போட்டிருந்தது. நின்றோம்.